பூச்சித் தூள்

திருப்பூர் அருள்புரத்துப் பனியன் கம்பெனியில் மதியச் சாப்பாட்டுக்கு மிஷின்கள் நின்றதும், துணி வெட்டும் பழைய மரமேசையின் காலுக்குள்ளிருந்து கறுக் கறுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. கீழே மாவு போலக் கொஞ்சம் தூள். நான் பிறந்து வளர்ந்த குன்னத்தூர் மர மில்லில் கடைசியாகக் கேட்ட சத்தம் அது. மலையிலிருந்து லாரியில் வந்திறங்கும் மரமும், நாளெல்லாம் ரம்பத்தின் இரைச்சலும், சோற்றில்கூட ஈர மரத்தின் வாசமுமாக இருந்த அந்த மில்லின் வரிசை வீடுகளில் எல்லோருக்கும் மரத்தூள் அடுப்புதான். நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளை அமுக்கி நிரப்பி, பாட்டிலை உருவிவிட்டால் அந்தக் குழிக்குள் தீ நின்று எரியும்.

பிறகு மலைக்காட்டில் வண்டு விழுந்தது. வந்த மரமெல்லாம் உள்ளே சல்லடை. முதலாளிக்கு முன்பே அடுப்புக்குத் தெரிந்துவிட்டது. பாட்டிலை உருவியதும், வண்டு அரித்த மரத்தின் தூள் நிற்காமல் பொலபொலவென்று சரிந்தது.

"நம்மளுக்கு முந்தி வண்டு பந்தியில உக்காந்துருச்சுங்க" என்று சிரித்தார் பக்கத்து வீட்டு ரஹ்மத் அக்கா. அம்மாவுக்கு அங்கே அவர் ஒருவர்தான் பேச்சுத்துணை. ஒரு மழை பெய்தால் வண்டு செத்துவிடும், எங்கும் போக வேண்டாம் என்று அம்மா அவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். மழை பெய்தது; வண்டு சாகவில்லை. மில் நின்றது.

அக்கா குடும்பம் திருப்பூருக்குக் கிளம்பிய அன்று, சாமான் ஏற்றிய வண்டிக்குப் பின்னால் அடுப்பு தனியாகக் கிடந்தது.

"ஏனுங்க, அடுப்ப வுட்டுட்டுப் போறீங்க?" என்றாள் அம்மா.

"அங்க தூளுக்கு எங்கீங்க போறது? பஞ்சுதான் பறக்குமாமுங்க."