மஞ்சள் ஓட்டலும் வெள்ளை ஓட்டலும்

முப்பத்திரண்டு வருஷம் அரசாங்க அலுவலகத்தில் கொள்முதல் பிரிவில் குப்பை கொட்டியவன் நான். குண்டூசி வாங்குவதென்றாலும் மூன்று கொட்டேஷன் வேண்டும். மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் கட்டம் போட்டு எழுதி, ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்து, குறைந்த விலை எதுவோ அதைச் சிவப்பு மையில் சுழித்து மேலே அனுப்புவேன். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் கால் கிலோ கத்தரிக்காய்க்கு மூன்று கடை ஏறி இறங்குவேன். "உங்களோட கடைக்கு வர்றதுக்கு நான் வீட்லயே பட்டினி கிடப்பேன்" என்பாள் என் மனைவி. நானும் சேர்ந்து சிரிப்பேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருவதில்லை, எரிச்சல்தான் வருகிறது, என் மேலேயே.

அவளுக்குப் பதினெட்டு வருஷமாகச் சர்க்கரை. அது கண்ணுக்கு ஏறிவிட்டது என்று போன வருஷம் ஈஸ்டர் முடிந்த கையோடு டாக்டர் சொன்னார். விழித்திரையில் ரத்தம் கசிகிறதாம். மாதம் ஒரு தடவை கண்ணுக்குள்ளேயே ஊசி. "இருக்கறதக் காப்பாத்தப் பாக்கலாம். போனது திரும்ப வராது" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அவள் போய் உலை வைத்தாள்.

எங்களுக்கு ஒரே பெண். பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்து, பாரீசுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். விஷயம் கேள்விப்பட்டு ஒரு வாரம் போனில் அழுதாள். பிறகு ஜூன் மாதத்தில் ஒருநாள் தெளிவான குரலில் பேசினாள்.

"ப்பா, அம்மாவ இத்தாலிக்குக் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கோம். கடலோரமா ரெண்டு ஓட்டல் பாத்து வெச்சிருக்கேன். ரெண்டும் செங்குத்தான பாறை மேல. வெலைய நீங்க பாக்கவே கூடாது, அது எங்க பாடு. செப்டம்பர்ல இங்க வகான்ஸ் லீவு முடிஞ்சு பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போயிடும், கூட்டம் இருக்காது. கண்ணு தெரியும்போதே அம்மா பாத்துடட்டும். எந்த ஓட்டல்னு மட்டும் ஒரு வாரத்துல சொல்லுங்க."

பாரீஸ் இருக்க, கோபுரம் இருக்க, எதற்குப் பாறை உச்சி என்று கேட்டேன். அம்மா கேட்டதாம். எனக்குத் தெரியாமல் எப்போது கேட்டாளோ. அடுப்படிக்குப் போய் விசாரித்தேன்.

"நான் பொறந்தது குருசுக்குப்பம். கடல எதுத்தாப்ல நின்னுதான் பாத்திருக்கேன். கண்ணு மட்டத்துல ஒரு கோடு, அவ்ளோதான். ஒசரத்துலேருந்து குனிஞ்சு பாத்தா எப்படி இருக்கும்னு சின்ன வயசுலேருந்தே ஆசை. நம்மூர்ல ஏதுங்க மலை?" என்றாள்.

முப்பத்தோரு வருஷம் கூட வாழ்ந்திருக்கிறேன். இந்த ஆசையை அன்றுதான் கேள்விப்பட்டேன்.

மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்த டேப்லெட்டில் இரண்டு ஓட்டல்களின் படங்களும் வந்தன. ஒன்று மஞ்சள் சுண்ணாம்பு அடித்த பழங்காலத்துப் பங்களா. உச்சியில் உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் எலுமிச்சைத் தோட்டம், ஒவ்வொரு அறைக்கும் இரும்புக் கம்பி போட்ட பால்கனி. இன்னொன்று புதுசு, முழுக்க வெள்ளை. பாறையைக் குடைந்து அடுக்கடுக்காக அறைகள், பாறைக்குள்ளேயே லிஃப்ட், கடல் வரைக்கும் இறங்கலாம். அவற்றின் பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. மஞ்சள் ஓட்டல், வெள்ளை ஓட்டல் என்று அவள்தான் பெயர் வைத்தாள்.

நான் நீளமான நோட்டு ஒன்று வாங்கிக் கட்டம் போட்டேன். கட்டில், பால்கனியின் அகலம், குளியலறை, படிக்கட்டு, காலைச் சாப்பாடு, பக்கத்தில் மாதா கோயில் உண்டா, எத்தனை மணிக்கு வெயில் விழும் என்று பத்தொன்பது இனம் எழுதினேன். விலைக்கு மட்டும் இடம் இல்லை. அங்கேதான் எனக்குக் கை ஓடவில்லை. ஆயுசு முழுக்க எது குறைச்சலோ அதைத் தேர்ந்தெடுத்தவனிடம் விலையைப் பார்க்காதே, நல்லதைத் தேர்ந்தெடு என்றால் எப்படி? எது நல்லது என்று யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததே இல்லை.

மகளிடம் மூன்றாவதாக ஒரு ஓட்டல் இருந்தால் அனுப்பு என்றேன். "ப்பா! இது என்னா டெண்டரா?" என்று கத்தினாள். அதற்கெல்லாம் அசரவில்லை நான். லிஃப்ட் எத்தனை பேரைத் தாங்கும், கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா, பால்கனிக் கம்பி இடுப்பு உயரமா மார் உயரமா என்று விளக்கம் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவள் அங்கே போன் போட்டுக் கேட்டுக் கேட்டுச் சொன்னாள். "ஓட்டல்காரன் சிரிக்கிறான்ப்பா" என்றாள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்றேன்.

தினமும் சாயந்தரம் ஆறு மணிக்குப் பீச் ரோட்டுக்கு நடக்கப் போவது என் வழக்கம். ரிட்டையர் ஆன கூட்டம் ஒன்று அங்கே இருக்கும். பென்ஷன், அரியர், மேலதிகாரியின் குடும்பச் சண்டை எல்லாம் அலசிவிட்டு எட்டு மணிக்கு வீடு திரும்புவேன். இந்த வேலை வந்ததும் அதை நிறுத்திவிட்டேன். ஆறு மணிக்கு நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு டேப்லெட்டைத் திறப்பேன். ஒவ்வொரு படமாகக் காட்டி, நோட்டைப் பார்த்து, இதில் இது உண்டு, அதில் அது இல்லை என்று விவரிப்பேன். அவளும் ஈடுகொடுத்துப் பேசுவாள். ஒருநாள் மஞ்சள் ஜெயிக்கும், மறுநாள் வெள்ளை. மகள் கொடுத்த ஒரு வாரம் இரண்டு மாதம் ஆயிற்று.

ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள், "ஏங்க, எதையாவது ஒன்னப் போடச் சொல்லுங்களேன். எங்கேருந்து பாத்தாலும் அதே கடல்தான?" என்றாள்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. "வாழ்க்கையில ஒரு தடவ போறது. போயி நின்னுட்டு, ஐயோ அதுக்குப் போயிருக்கலாமேன்னு பொலம்பவா? சும்மா கிட" என்றேன்.

அவள் சும்மா கிடந்தாள். செப்டம்பர் போயிற்று. அக்டோபருக்கு விசா நாள் கிடைக்கவில்லை. குளிர்காலத்தில் இரண்டு ஓட்டலையும் மூடிவிடுவார்களாம், இனி ஏப்ரலில்தான் என்று மகள் அலுத்துக்கொண்டாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அவகாசம் நீட்டிக்கப்பட்டது என்று நோட்டில் எழுதி வைத்தேன்.

பொங்கல் கழிந்து ஒரு சாயந்தரம். கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடச் சோம்பல்பட்டு, உத்தேசமாகத் தொட்டு டேப்லெட்டைத் திறந்தேன். மஞ்சள் ஓட்டலைப் பார்த்து முடித்திருந்தோம். "இப்ப வெள்ளையப் பாரு" என்று அவள் மடியில் வைத்தேன்.

முகத்தைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தாள். "இதாங்க கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு. பால் மாதிரி. இதுக்கு முன்னால அந்த மஞ்ச அழுக்காத் தெரியுது" என்றாள்.

சட்டைப்பையிலேயே கண்ணாடி இருந்தது. போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். அவள் மடியில் இருந்தது மஞ்சள் ஓட்டல். அதே மஞ்சள் சுவர், அதே எலுமிச்சை மரங்கள். தவறுதலாக மறுபடி அதையே திறந்திருக்கிறேன்.

விளையாடுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். சிரிக்கப் போகிறாள் என்று முகத்தையே பார்த்தேன். சிரிக்கவில்லை. அப்போதாவது நேராகக் கேட்டிருக்கலாம். இந்தப் பாழாய்ப்போன புத்தி விடுமா? சரிபார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்ளாத புத்தி. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் விரிசல் விட்டிருந்ததைக் கொத்தனாருக்குக் காட்ட அதே டேப்லெட்டில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தேன். அதைத் தேடி எடுத்து, "இந்த ரூம் எப்படி இருக்கு?" என்றேன்.

"நல்லா இருக்கு. ஜன்னல் பெருசா வெச்சிருக்கான்" என்றாள்.

டேப்லெட்டை அவள் மடியிலிருந்து எடுத்துக் கவிழ்த்து வைத்தேன். அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. "என்னாத்தக் காட்டுனீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டாள். கட்டின பெண்டாட்டியைத் திருடியைப் பிடிப்பதுபோல் பிடித்திருக்கிறேன். அதைவிடக் கேவலமான காரியம் நான் வேறு எதுவும் செய்ததில்லை.

"எப்பலேருந்து?" என்றேன்.

"கல்லறைத் திருநாள் அன்னிக்கு எங்கப்பா கல்லறையில மெழுகுவத்தி வெச்சோம் இல்ல? கல்லுல பேரு தெரியல. நீங்க தண்ணி மொண்டாரப் போனப்ப விரலால தடவித்தான் கண்டுபிடிச்சேன். அதுக்கு ஒரு மாசம் முன்னாலயே நடுவுல புகையாட்டம் வந்துடுச்சு. ஓரமா நெழலு தெரியும். நடமாட அது போதும்."

மாதாமாதம் ஊசிக்கு நான்தானே கூட்டிப்போனேன்! உள்ளே அவளை மட்டும்தான் கூப்பிடுவார்கள். நான் மருந்து வாங்கும் வரிசையில் நிற்பேன். என்ன சொன்னார் என்று கேட்டால், "அப்படியேதான் இருக்குதாம்" என்பாள். சரி என்று கிளம்பிவிடுவேன். வீட்டில் டிவி தொடரைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கேட்க மட்டும் செய்தாள், நான் கவனிக்கவில்லை. டம்ளருக்குள் விரலை விட்டு அளவு பார்த்துக் காபி ஊற்றினாள். "விரல விட்டா காபி ஊத்துவ? கருமம்!" என்று திட்டினேன். பத்தொன்பது இனம் எழுதத் தெரிந்தவனுக்கு இது ஒன்று கண்ணில் படவில்லை.

செப்டம்பரில் போயிருந்தால் பார்த்திருப்பாள். இதில் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை. மஞ்சளோ வெள்ளையோ, எந்த இழவு ஓட்டலாக இருந்தாலும் பால்கனியில் நின்று குனிந்து கடலைப் பார்த்திருப்பாள்.

"சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்ல? எதுக்கு இத்தன நாளு எங்கூட நடிச்ச?" என்று கேட்டேன்.

அவள் முந்தானை ஓரத்தை மடித்தும் பிரித்தும் கொண்டிருந்தாள்.

"சொன்னா நீங்க நிறுத்திடுவீங்க. நோட்ட மூடி வெச்சிட்டு மறுபடி பீச் ரோட்டுக்குப் போயிடுவீங்க. கல்யாணம் ஆனதுலேருந்து எம் பக்கத்துல இப்படி ஒரு மணி நேரம் உக்காந்து எப்பப் பேசியிருக்கீங்க? இது எப்படி இருக்கு, அது எப்படி இருக்குன்னு என்ன ஒரு ஆளா மதிச்சு எப்பக் கேட்டிருக்கீங்க? ஓட்டல் போனா போவுது. ஆறு மணி ஆவுதான்னு பாத்துக்கிட்டே இருப்பேங்க."

நான் அழுதேன். அவள் அழவில்லை. கையை நீட்டித் துழாவி என் முழங்காலைக் கண்டுபிடித்துத் தட்டினாள். எழுந்து போய் இரவுக்கு மாவு எடுத்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டாள். "ஏப்ரல் ரூமெல்லாம் நிரம்புது. இன்னிக்காவது சொல்லுங்க. மஞ்சளா வெள்ளையா?"

அவளிடம் நானே சொல்கிறேன் என்று மனைவி போனை வாங்கினாள். கண் இந்த மட்டில் இருக்கிறது, வந்து நடுவில் விழுந்து எழுந்து உங்களையும் கஷ்டப்படுத்த வேண்டாம், நீங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்வாருங்கள் என்று பக்குவமாகச் சொன்னாள். பிறகு போன் என் கைக்கு வந்தது.

"ஒரு வாரந்தானப்பா கேட்டேன்" என்றாள் மகள். வேறு எதுவும் சொல்லவில்லை. வைத்துவிட்டாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

மறுநாள் ஆறு மணி அடித்ததும் பீச் ரோட்டுக்குப் போகவில்லை. நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சத்தம் கேட்டு அவள் முகத்தை என் பக்கம் திருப்பினாள். புடவையைச் சரிசெய்துகொண்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, நான் ஆரம்பிப்பதற்காகக் காத்திருந்தாள். காட்ட இனி எதுவும் இல்லை. என்ன பேசுவதென்று எனக்குத் தெரியவில்லை.