சேரனுக்குப் போட்ட நாற்காலி

"காலையிலதானே போன?" என்றான் சர்தார். கழிப்பறைச் சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"சர்க்கரை வியாதிக்கு உன் டைம்டேபிள் தெரியாது. குடு."

"காலையில ஒரு தபா, சாயங்காலம் ஒரு தபா. எல்லாருக்கும் அதான் சட்டம். உனக்கு மட்டும் தனி பார்லிமெண்ட்டா?"

ஜஹீதா ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றாள். கெஞ்சினால் தருவான் என்று தெரியும். கெஞ்சவும் செய்தாள். தந்தான்.

ரங்கநாதன் தெருவை ஒட்டிய ஒரு பழைய காம்ப்ளெக்ஸின் நடைபாதையில் தையல் மெஷின்கள் வரிசையாக இருந்தன. பெண்கள் புதுச் சேலைகளுக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுத்தார்கள். ஜஹீதா அவர்களில் மூத்தவள். பின்கட்டில் ஒரே ஒரு கழிப்பறை. கட்டட ஓனரின் ஆளான சர்தார் அதற்குப் பூட்டுப் போட்டதிலிருந்து பெண்கள் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டு ஒட்டகங்களாக முன்னேறியிருந்தார்கள். ஜஹீதாவால் முன்னேற முடியவில்லை. அடக்கி அடக்கி இரண்டு முறை காய்ச்சலில் விழுந்திருந்தாள். மூன்றாவது முறை வந்தால் கிட்னி போய்விடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள்.

ஓனரிடம் சொல்லிப் பார்த்தார்கள். ஓனர் சர்தாரிடம் சொன்னார். சர்தார் மறுநாள் முழுக்கச் சாவியையே கண்ணில் காட்டவில்லை.

எதிரே டீக்கடை டிவியில் ஒரு பெரிய நாடு இன்னொரு நாட்டின் மேல் குண்டு போட்டுக்கொண்டிருந்தது. அந்த நாட்டுப் பெண்களின் விடுதலைக்காக என்று செய்தி வாசித்த பெண் சொன்னாள். பக்கத்து மெஷின்காரி தமிழ்மொழி தையலை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"கரெக்ட்டு. இப்டி ஒருத்தன் வந்து சாத்துனாத்தான் அடங்குவானுங்கோ."

"குண்டு பொம்பளைங்களைப் பாத்து ஒதுங்கிப் போய் விழுமாடி?"

"அப்போ இன்னான்ற? கழுத்து மேல காலை வெச்சிகினு கீறான். கீழ கெடக்குறவ எப்டிக்கா எந்திரிப்பா? எவனாவது வந்து காலைப் புடிச்சி இழுக்க வேணாம்?"

ஜஹீதா மெஷின் ஊசியில் நூலைக் கோத்தாள். அவளுடைய அடிவயிறோ தமிழ்மொழியின் கட்சியில் சேர்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

சாயங்காலம் ராயப்பேட்டை வீட்டில் கணவர் ஷரீஃபிடம் அதையே கேட்டாள். அவர் ஈராக்கில் வெளிநாட்டு ராணுவ முகாம் ஒன்றில் உருளைக்கிழங்கு உரித்தவர். உலக அரசியல் பற்றிப் பேச அந்தத் தெருவில் அவரை விட்டால் ஆளில்லை.

"கொடுமைக்காரன் போனதுல அங்க சந்தோஷப்பட்டாங்க. எத்தனையோ பேர் எங்கிட்டயே சொல்லியிருக்காங்க. பொய் சொல்லக் கூடாது."

"அப்ப நல்லதுதானே?"

"அப்புறம் சொந்த வீட்டுக்குப் போறதுக்கு செக்போஸ்ட்ல கையைத் தூக்கிக்கிட்டு நின்னாங்க. கரண்ட் எங்கன்னு கேட்டாங்க. காப்பாத்த வந்தவனே கேட்டவங்க மேல துப்பாக்கியை நீட்டினான்."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"நான் என்ன செய்ய? உருளைக்கிழங்கு உரிச்சேன்."

அவரால் ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை. சட்னியில் உப்பில்லை என்றார்.

தமிழ்மொழி முடிவுக்கு வந்திருந்தாள். உஸ்மான் ரோடு பக்கம் பைக் பார்க்கிங் நடத்தும் சேரன் அவளுக்குத் தூரத்துச் சொந்தம். அவனைக் கூப்பிட்டுவிட்டாள். "நம்ம பொண்ணுங்களுக்கு உரிமை இல்லியா?" என்று கேட்டுக்கொண்டே ஆட்களோடு வந்து இறங்கினான். காம்ப்ளெக்ஸ் பின்கட்டில் வண்டி நிறுத்த இடம் கேட்டு அவன் சர்தாரிடம் பலமுறை வந்து போனது எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு யாரும் அதை நினைக்கவில்லை.

சர்தார் ஓட்டம் எடுத்தான். படியில் விழுந்து கை முறிந்தது. சாவி சேரன் காலடியில் வந்து விழுந்தது. அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கதவை உதைத்தான். உதைக்க வந்தவனுக்குச் சாவி எதற்கு? கதவு கீலோடு பெயர்ந்தது. பெண்கள் கை தட்டினார்கள். ஜஹீதாவும் தட்டினாள். அன்று அவள் சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள்.

அப்போதுதான் அந்தத் தப்பைச் செய்தாள். உதவிக்கு வந்தவனை நிற்கவைத்துப் பேசுவது அவள் வீட்டில் வழக்கமில்லை. தன் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க தம்பி, டீ சொல்றேன்" என்றாள். ஆனால் அந்த நடைபாதைக்கு வேறொரு வழக்கம் உண்டு. நாற்காலி போட்டு உட்காரவைத்தால் இடம் உட்கார்ந்தவனுக்கு. வாசலில் பூ விற்பவள் அப்படித்தான் வாசலைப் பிடித்தாள். ஜஹீதாவும் தன் மெஷினுக்கு அப்படித்தான் இடம் பிடித்தவள். தெரிந்தும் கை மறந்துவிட்டது.

சேரன் டீ குடித்தான். பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் கழிப்பறைக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தான். பாதுகாப்புக்காம். மறுநாள் பின்கட்டில் பைக்குகள் வந்தன. அடுத்த நாள் பைக்குகளுக்கு நடுவில் ஒருக்களித்துத்தான் நடக்க முடிந்தது. கழிப்பறைக்குப் பூட்டில்லை, சட்டமில்லை, கதவுமில்லை. முழுச் சுதந்திரம். எவளும் போகவில்லை.

வாரக் கடைசியில் ஜஹீதாவுக்கு உடம்பு காய ஆரம்பித்தது. தைத்துக்கொண்டிருந்த சேலையை உருவி எடுத்துத் தமிழ்மொழியிடம் ஒரு முனையைக் கொடுத்தாள். இரண்டு பேரும் அதைத் திரையாகப் பிடித்துக்கொண்டு பைக்குகளுக்குள் நுழைந்து போனார்கள்.

"தம்பி, கொஞ்சம் வெளிய போ."

"நான் போனா சர்தாரு வந்துருவான்க்கா. உங்களுக்காகத்தான் வேலை வெட்டியெல்லாம் வுட்டுட்டு இங்க குந்திகினு கீறேன்."

"அவன் இருந்தப்ப கதவாவது இருந்துச்சு."

"நன்றி வேணும்க்கா மனுசனுக்கு."

"மாமா, எந்திரி. சீரியஸா சொல்றாங்க" என்றாள் தமிழ்மொழி.

"நீ கம்முனு இரு. கூப்டதே நீதான்."

ஜஹீதா சேலையைக் கீழே விட்டாள். நேராகப் போய் அவன் முழங்காலை இடிக்கிற மாதிரி நின்றாள்.

"நைனா, எனக்கு இதுக்கு மேல அடக்க முடியாது. நீ எந்திரிக்கலைன்னா உன் கால் மேலயே போயிருவேன். சத்தியமா போயிருவேன். அப்புறம் நீ பார்க்கிங் நடத்து, பார்லிமெண்ட் நடத்து."

சேரன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு தன் வெள்ளைப் பேண்ட்டைப் பார்த்தான். எழுந்து போனான். நடைபாதை முழுக்கச் சிரிப்பு. தமிழ்மொழி சேலையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள்.

"ஒண்ணு சொல்லட்டுமாக்கா?" என்றாள் திரைக்கு இந்தப் பக்கமிருந்து. "சர்தார வெரட்டுனது தப்பில்லக்கா."

"தப்பில்லைதான்" என்றாள் ஜஹீதா உள்ளேயிருந்து. "பேசாதே. நீ பேசினா எனக்கு வரமாட்டேங்குது."

மறுநாள் சர்தார் கையில் மாவுக்கட்டோடு வந்தான். மறுபடி வந்து உட்கார்ந்திருந்த சேரன் எழுந்து தன் நாற்காலியை அவனுக்குக் கொடுத்துவிட்டு, தனக்கு வேறொன்று கொண்டுவரச் சொன்னான். இருவரும் டீ குடித்தார்கள். பைக் வருமானத்தில் ஓனருக்கும் பங்கு என்று பேசி முடித்தார்கள். பதினொரு மணிக்குத் தச்சர் வந்து புதுக் கதவு மாட்டினார். பூட்டுக்கு இரண்டு சாவி. ஆளுக்கு ஒன்று. தமிழ்மொழி இரண்டு பேரையும் மாற்றி மாற்றித் திட்டினாள். அவர்கள் பெண்களின் பாதுகாப்பு பற்றிப் பேசினார்கள். ஜஹீதா பர்தாவைச் சரிசெய்துகொண்டு தெருவில் இறங்கி, பெரிய ஜவுளிக்கடையின் நாலாவது மாடிக்குப் போனாள். பட்டுச் சேலைப் பிரிவில் ஒரு பையன் ஐந்தாறு சேலைகளை விரித்துப் போட்டான். அவள் ஒவ்வொன்றின் ஓரத்தையும் தடவிப் பார்த்தாள். பிறகு வாடிக்கையாளர்களுக்கான கழிப்பறை எங்கே என்று கேட்டாள். திரும்பி வந்து, கலர் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.