சுவருக்கு அந்தப் பக்கம் எரிந்த அடுப்பு

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் எங்கள் ஊருக்கு வாருங்கள். இது நடந்த வீடு மேட்டுத் தெருவில் இன்னும் நிற்கிறது. லெனார்டு புப்னிஸ் இதை ஒரே ஒரு முறைதான் என்னிடம் சொன்னான். சொல்லி முடிக்கும்வரை அவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

பென்சில்வேனியாவின் நிலக்கரி ஊர்களில் இரட்டை வீடுகள்தான் அதிகம். ஒரே கூரை, ஒரே புகைபோக்கி, நடுவில் ஒரு சுவர். இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். ஆபத்து என்றால் கரி அள்ளும் கரண்டியால் நடுச்சுவரில் மூன்று முறை தட்டுவார்கள். கேட்டவர் போய்விட வேண்டும். சண்டை போட்டு வருஷக்கணக்கில் முகம் பார்க்காதவர்களும் தட்டினால் போவார்கள். லெனார்டின் அப்பாவும் அப்படித் தட்டல் கேட்டு ஓடியவர்தான்.

அன்று ஜனவரி மாதத்து வியாழக்கிழமை. காலையிலிருந்தே பனிப்புயல். சாலையெல்லாம் பனியில் மூடிவிட்டது. லெனார்டின் மகள் டீனா பிரசவத்துக்கு வந்து, பிறந்து நான்கு வாரமே ஆன குழந்தை நோராவோடு அங்கேதான் இருந்தாள். மாலை 4:52-க்கு மலை முழுக்கக் கரண்ட் போனது, போனும் செத்தது.

அவன் வீட்டில் எரிவது ஸ்டோக்கர் அடுப்பு. மேல் பெட்டியில் அரிசி அளவுக்கு உடைத்த கரியைக் கொட்டிவிட்டால், மோட்டார் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளும். விசிறி அடியிலிருந்து காற்று ஊதும். கரண்ட் இல்லையென்றால் முக்கால் மணி நேரத்தில் தீ செத்துப்போகும்.

“பிள்ளைக்குக் குளிருமேப்பா,” என்றாள் டீனா.

“என்கிட்ட பேட்டரி இருக்கு. விடிய விடிய ஓடும். நீ போய் கால நீட்டி உக்காரு.”

5:05-க்கு இன்வெர்ட்டரை மாட்டினான். ம்ம்ம்... என்று விசிறி சுற்ற ஆரம்பித்தது. குழந்தையின் தொட்டிலை அடுப்புக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்கள். லெனார்டுக்குத் தன் கெட்டிக்காரத்தனத்தின் மேல் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

5:40. பெட்டியைத் திறந்து பார்த்தான். இரண்டு வாளி கரி கொட்டியிருந்தான். காலைவரை தாங்க வேண்டியது, பாதிக்கு இறங்கியிருந்தது. ஆனால் உள்ளே தீ உள்ளங்கை அகலம்தான். அவ்வளவு கரியும் எங்கே போனது?

6:15. பேட்டரியும் பாதி காலி. அப்படி ஆகவே கூடாது.

கரி எடுக்கப் பின்பக்கக் கொட்டகைக்குப் போனான். திரும்பும்போது தற்செயலாக நிமிர்ந்து பார்த்தான். அவன் பக்கத்துக் கூரையில் முழங்கால் உயரத்துக்குப் பனி. பக்கத்து வீட்டுக் கூரையில் ஒரு பொட்டுப் பனி இல்லை. ஓடு தெரிந்தது. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது... சொட்... சொட்...

அந்தப் பக்கம் யாரும் இல்லை. அங்கே இருந்த வாண்டா ஸ்ருபாஸ் செத்து இரண்டு வருஷம் ஆகிறது. அவளுடைய அண்ணன் மகன் அடுப்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு, கதவைப் பூட்டிவிட்டுப் போனவன்தான்.

லெனார்டு உள்ளே வந்து நடுச்சுவரில் கை வைத்தான். சுவர் சுட்டது.

7:10.

டொக்... டொக்... டொக்...

“அப்பா, யாரோ சுவத்துல தட்றாங்க.”

“எனக்கு ஒண்ணும் கேக்கல.”

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. இதே வார்த்தையைத்தான் இரண்டு வருஷத்துக்கு முன் போலீஸிடம் சொன்னான்.

அன்றும் பனிப்புயல், அன்றும் கரண்ட் இல்லை, போன் கம்பியும் அறுந்து கிடந்தது. வாண்டாவுக்கு எண்பத்தோரு வயது. அவளிடம் பேட்டரி கிடையாது, இவனிடம் இருந்தது. அரை மணிக்கு ஒரு முறை மாற்றி மாற்றிக் கொடுத்திருந்தால் அவளுடைய ஸ்டோக்கர் அடுப்பும் பிழைத்திருக்கும். ஆனால் முந்தின வாரம்தான் சண்டை. தான் பனியை வாரி ஒதுக்கிய இடத்தில் வேறு யாரும் வண்டியை நிறுத்தாமலிருக்க லெனார்டு ஒரு நாற்காலி போட்டிருந்தான். அதை அவள் தூக்கி ஓரத்தில் வைத்துவிட்டாள். அன்று 7:10-க்கு மூன்று தட்டு கேட்டது. ‘தட்டட்டும், கிழவிக்குப் புத்தி வரட்டும்’ என்று, அதே பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்த சின்ன டிவியின் சத்தத்தைக் கூட்டினான் அந்த மகராசன். மூன்றாம் நாள்தான் அவளை வெளியே எடுத்தார்கள், விறைத்துப்போன உடம்பாக.

டொக்... டொக்... டொக்...

“கேக்குதுப்பா. நல்லாவே கேக்குது.”

“காத்து, டீனா.”

7:31. விசிறி நின்றது.

பேட்டரி செத்துவிட்டது. லெனார்டு கையாலேயே கரியைத் தள்ளினான். அட்டையை மடித்து விசிறினான். தீ சிவந்தது... மங்கியது... கறுத்தது.

7:58. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டது. உதடு நீலம் பாரித்திருந்தது.

“அப்பா, பிள்ளைக்கு மேலெல்லாம் சில்லுனு இருக்கு. ஏதாவது பண்ணுங்க.”

சுவர் மட்டும் இன்னும் சுட்டது, தொட்டிலை அதோடு ஒட்டிப் போட்டும் சூடு குழந்தைக்கு ஏறவில்லை.

அவன் கரண்டியை எடுத்தான்.

டொக். டொக். டொக்.

“வாண்டா,” என்றான் சுவரோடு வாயை வைத்து. “பச்சப் புள்ள இருக்கு. என்மேல இருக்கிற கோபத்த அதுமேல காட்டாத.”

சுவரில் காதை வைத்தான்.

பிறகு... மெதுவாக...

அந்தப் பக்கம் ஒரு டிவி ஓடியது.

யாரோ அதன் சத்தத்தைக் கூட்டினார்கள்.

இன்னும் கூட்டினார்கள்.

டீனா காத்திருக்கவில்லை. குழந்தையைச் சட்டைக்குள் நெஞ்சோடு கட்டிக்கொண்டு இடுப்பளவு பனியில் இறங்கினாள். தீயணைப்புக் கூடம் ஆறு தெரு தள்ளி. ஜெனரேட்டர் ஓடும் இடம் அது ஒன்றுதான். லெனார்டு முன்னால் பனியைத் தள்ளிக்கொண்டே போனான். முதுகுக்குப் பின்னால் அந்த டிவி சத்தம் தெருமுனைவரை கேட்டது என்று இருவருமே சொல்கிறார்கள்.

நோரா பிழைத்துக்கொண்டாள். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

மறுநாள் காலை 9:20-க்குத் தீயணைப்புக் கூடத்து மிக்கி, உள்ளே ஆள் இருப்பதாக டீனா சொன்னதைக் கேட்டு, வாண்டா வீட்டுக் கதவை உடைத்தான். லெனார்டும் டீனாவும் அவன் பின்னால் நின்றார்கள். உள்ளே எலும்பைத் துளைக்கும் குளிர். அடுப்பு இருந்த இடம் காலி. சாம்பல் ஒரு துளி இல்லை. மூலையில் பழைய டிவி. அதன் வயர் சுருட்டி முடிச்சுப் போட்டபடி தொங்கியது. சத்தம் கூட்டும் குமிழ் மட்டும் கடைசிவரை திருகியிருந்தது.

மிக்கி டார்ச்சை நடுச்சுவரின் மேல் சாய்த்து அடித்தான். காகிதம் ஒட்டிய சுவரில் கரண்டி பட்ட பள்ளங்கள். முதல் மூன்று நெஞ்சு உயரத்தில். அதன் கீழே மூன்று. இடுப்பு உயரத்தில் மூன்று. பிறகு முழங்கால் உயரத்தில்... பிறகு தரையை ஒட்டி. கடைசிப் பள்ளங்கள் கீறல் போலத்தான் இருந்தன. அதெல்லாம் பழசு, மேலே இரண்டு வருஷத்துத் தூசி படிந்திருந்தது.

“உக்காந்தும் தட்டியிருக்கா, படுத்தும் தட்டியிருக்கா,” என்றான் மிக்கி. “எத்தன மணி நேரமோ. ஏன் லென்னி, அந்தப் பக்கம் நீதானே இருந்த? ஒண்ணுமே கேக்கலயா?”

லெனார்டு தரையை ஒட்டிய கீறல்களுக்குப் பக்கத்தில் குனிந்தான்.

டீனா அந்த டிவியைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

“அன்னிக்கு நம்ம டிவிய நீங்க எவ்ளோ சத்தமா வச்சிருந்தீங்கப்பா?”