பூப்போட்ட மோதிரம்

எழுபதுகளில் விருத்தாசலத்தில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குப் பீங்கான் கம்பெனியில் களிமண் பிசையும் வேலை. அவருக்குப் பூப்போட்ட மோதிரம்தான் போட வேண்டுமென்று அப்பாவிடம் அடம்பிடித்தேன்.

அடுத்த மாதமே ஒருநாள் வெறும் விரலோடு வந்து நின்றார். நான் அழுததும், "மண்ணுலதான் உழுந்திருக்கும். சூளைக்குப் போறதுக்குள்ள தேடிட்டு வரேன்" என்று திரும்பி ஓடினார்.

பிசைந்து வைத்த உருண்டைகளிலெல்லாம் மோதிரப் பூ பதிந்திருந்ததாம். கடைசி உருண்டையில் மட்டும் இல்லை. அதைப் பிளந்தால், உள்ளே மோதிரம்!

பூவில் மண் பிடித்து இழுத்துத்தான் கழன்றிருக்கிறது என்று, அதைத் தட்டானிடம் கொடுத்து வழுவழுப்பான மோதிரமாக மாற்றினோம். நான் முகம் வாடியதைப் பார்த்து, பூ பதிந்த மண்சில்லு ஒன்றைச் சுட்டுக் கொண்டுவந்தார். "இந்தா, ஒம் பூவு. இது கழலாது."

இன்று யார் மோதிரம் எடுக்கக் கூப்பிட்டாலும், அந்தக் கைக்கு என்ன வேலை என்றுதான் முதலில் கேட்கிறேன். பீரோவில் அந்தப் பூ அப்படியே இருக்கிறது.