‘வாறன்’ சொல்லாமல் கலைந்த கூட்டங்கள்

எங்கள் பழைய அலுவலகத்தில் எனக்குத் தந்திருந்த அறையைப் பற்றி நான் திட்டாத நாள் இல்லை. புறக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிழட்டுக் கட்டடத்தின் மூன்றாம் மாடி. என் அறை படிக்கட்டின் வாசலோடு ஒட்டிய கண்ணாடிக் கூண்டு. யார் வந்தாலும் போனாலும் என் மூக்குக்கு முன்னால்தான் போக வேண்டும். வெளிநாட்டுக் கப்பல் கம்பனி ஒன்றின் சரக்குப் பத்திரங்களைச் சரிபார்த்து அனுப்புவது எங்கள் வேலை. ஓர் எழுத்துப் பிசகினால் ஏதோவொரு துறைமுகத்தில் ஒரு கொள்கலன் கேட்பாரற்றுக் கிடக்கும். அப்படிப்பட்ட வேலையைச் செய்கிறவளுக்குக் கொஞ்சம் அமைதியான மூலையில் அறை தந்தால் என்ன என்று கேட்டுக் கேட்டு அலுத்துப் போனேன்.

மாலையானால் அந்தக் கூண்டின் வாசலில் ஊர்வலம் தொடங்கும். ஒவ்வொருவராகத் தலையை நீட்டுவார்கள்.

“அப்ப வாறன் மிஸ்.”

சிங்களப் பிள்ளைகளும் “கிஹின் என்னம் மிஸ்” என்று அதையேதான் தங்கள் மொழியில் சொல்வார்கள். போய்விட்டு வருகிறேன் என்று. போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு இந்த நகரத்தில் யாரும் ஓர் இடத்தை விட்டுக் கிளம்புவதில்லை. நானும் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் “சரி, போட்டு வாங்கோ” என்று வழியனுப்புவேன்.

சிலர் அதைச் சொன்ன பிறகும் போகமாட்டார்கள். குடையைத் திறந்து மூடிக்கொண்டு, கைப்பையின் வாரை இழுத்துக்கொண்டு, கதவு நிலையில் சாய்ந்தபடி நிற்பார்கள். அப்போதுதான் நான் நிமிர்ந்து பார்ப்பேன். பகல் முழுக்க என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லாததெல்லாம் அந்த வாசலில்தான் வெளியே வரும். கல்யாணம் குழம்பிப் போனது, கனடாவுக்கு விண்ணப்பித்திருப்பது, களுபோவில ஆஸ்பத்திரியில் அம்மாவின் ஒப்பரேஷனுக்கு நாள் குறித்திருப்பது, எல்லாம். லீவு வேண்டும் என்று பகலில் கேட்பார்கள். ஏன் வேண்டும் என்று மாலையில் சொல்வார்கள். நான் நல்ல மனேஜர் என்று யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பெயரில் பாதி அந்த வாசலுக்குத்தான் சேர வேண்டும்.

கொரோனாவோடு எல்லோரும் வீட்டுக்குப் போனோம். பிறகு கம்பனிக்காரருக்கு வாடகை மிச்சம் என்பது விளங்கிவிட்டது. கட்டடத்தை ஒரேயடியாகக் கைகழுவிவிட்டார்கள். என் கண்ணாடிக் கூண்டு இப்போது ஒரு கைத்தொலைபேசிக் கடைக்காரரின் களஞ்சியம் என்று கேள்வி. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் போகும் ஒழுங்கையில், இரண்டாம் மாடி ஃபிளற்றில், சாப்பாட்டு மேசையின் ஒரு முனைதான் என் அலுவலகம். மறு முனையில் வெங்காயக் கூடை. ரயில் போகும்போதெல்லாம் நான் பேச்சை நிறுத்திவிட்டு, அது போன பிறகு தொடர்வேன். என் குழுப் பிள்ளைகளுக்கும் அது பழகிவிட்டது.

பழகாத ஒன்று இருந்தது. கூட்டம் முடிந்ததும் திரையிலிருந்து முகங்கள் சட்டுச் சட்டென்று காணாமல் போகும். ஒரு சொல் கிடையாது. செத்த வீட்டிலிருந்து எழும்பிப் போகிறவர்கள்தான் சொல்லாமல் போவார்கள். அங்கே ‘வாறன்’ என்று சொல்லக் கூடாது, அந்தத் துக்கத்துக்குத் திரும்பி வருவதாகிவிடும். வேலை செய்யும் இடத்திலிருந்து ஏன் இப்படிப் போகிறார்கள் என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

அந்த நேரத்தில்தான் தலைமை அலுவலகம் எங்களைப் போன்ற மனேஜர்களுக்கு ஒரு பயிற்சி வைத்தது. கண்ணால் காணாத ஆட்களை எப்படி வழிநடத்துவது என்று. பயிற்சி தந்தவர் எந்நேரமும் சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதர். கூட்டத்தைக் கலகலப்பாகத் தொடங்குங்கள், எல்லோரையும் தங்கள் செல்லப்பிராணியைக் காட்டச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். ஹெந்தளையிலிருந்து வேலை செய்யும் ஒரு தம்பி பக்கத்து வீட்டுப் பூனையைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினான். அது அவன் கன்னத்தில் நீளமாக ஒரு கோடு போட்டுவிட்டு ஓடியது. கலகலப்புக்குக் குறைவில்லைதான்.

மற்ற இரண்டு பாடங்கள் அவ்வளவு வேடிக்கையானவை அல்ல. எல்லோரும் கமராவைத் திறந்துதான் வைத்திருக்க வேண்டும் என்பது ஒன்று. கூட்டத்தைக் குறித்த நேரத்துக்கு மனேஜரே மூடிவிட வேண்டும், அதுதான் மற்றவர்களின் நேரத்துக்குக் கொடுக்கும் மரியாதை என்பது மற்றது. பேசி முடிந்த கையோடு நான் பொத்தானை அழுத்துவேன். எல்லோருடைய திரையும் ஒன்றாக மூடிக்கொள்ளும்.

கமரா விஷயத்தில் ஒருத்தி மட்டும் மசியவில்லை. கொட்டாஞ்சேனைப் பிள்ளை. என் குழுவில் அவளைப் போல் பிழை பிடிக்கிறவர்கள் இல்லை. நான் ஆட்களைத் தேடினால் முதலில் அவளைத்தான் தேடுவேன். பழைய அலுவலகத்தில் கதவு நிலையில் அதிகம் சாய்ந்து நின்றவளும் அவள்தான். ஆனால் திரையில் அவள் ஒரு கறுப்புக் கட்டம். நடுவில் பெயரின் முதலெழுத்து. கேட்ட கேள்விக்குக் குரல் மட்டும் வரும். ஏன் என்று எழுதிக் கேட்டேன். “சொறி மிஸ்” என்று ஒரு வரி வந்தது. இரண்டாம் முறை கேட்டேன். அதே வரி. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். இத்தனை வருடம் வாசலில் நின்று எல்லாம் சொன்னவளுக்கு இப்போது நான் யாரோவாகிவிட்டேனா என்று மனம் நொந்தும் போனது.

என் மேலதிகாரி வெளிநாட்டில் இருக்கிறார். அவர் திரையில் வந்து, முகம் காட்டாதவரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க முடியாது என்றார். அந்தப் பெண் வேறு வேலையும் பார்க்கிறாளோ என்னவோ என்று சந்தேகப்பட்டார். மாதம் முடிவதற்குள் என் முடிவைச் சொல்ல வேண்டும். ‘என்ன காரணம்?’ என்று அவர் கேட்டபோது, விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அவளுக்காக வாதாட எனக்கு ஆசை, ஆனால் எதை வைத்துக்கொண்டு வாதாடுவது?

அந்தக் கிழமையில் ஒரு நாள் மாலைக் கூட்டம் முடிகிற நேரம் ஒழுங்கைக்குள் சூன் பாண் ஓட்டோவின் சங்கீதம் கேட்டது. பாணும் பனிஸும் விற்றுக்கொண்டு வரும் அந்த ஓட்டோக்காரர் யாருக்காகவும் நிற்கமாட்டார். பிந்திப் போனால் கிம்புலா பனிஸ் முடிந்துவிடும். முதலை மாதிரி நீண்டு, மேலே சீனி தூவிய அந்தப் பனிஸுக்காக நான் மாடிப்படியில் விழுந்தெழும்பவும் தயார். “சரி, இண்டைக்கு அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு, பொத்தானை அழுத்தாமலே ஓடிவிட்டேன்.

பனிஸ் பையோடு மூச்சு வாங்க வந்து பார்த்தால் திரை இன்னும் திறந்தபடி இருந்தது. எல்லோரும் போய்விட்டார்கள். அந்தக் கறுப்புக் கட்டம் மட்டும் இருந்தது.

“பிள்ளை, நீ இன்னும் போகேல்லையோ?”

“நீங்க எழும்பிப் போனீங்க மிஸ். சொல்லாம எப்பிடிப் போறது?”

“என்னத்தச் சொல்லாம?”

“வாறன் எண்டு. ஒவ்வொரு நாளும் சொல்லப் பாக்கிறனான் மிஸ். வாய் திறக்கிறதுக்குள்ள நீங்க மூடிடுவீங்க.”

நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் இன்னும் போகவில்லை. குடையும் இல்லை, கதவு நிலையும் இல்லை. ஆனால் அவள் சாய்ந்து நிற்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது.

“சொல்லு பிள்ளை” என்றேன்.

அவளுடைய மாமனார் பாரிசவாதத்தில் விழுந்து படுக்கையில் இருக்கிறார். கணவர் புறக்கோட்டையில் துணிக்கடையில் நிற்பவர், இருட்டிய பிறகுதான் வருவார். வீட்டில் முன்னறை ஒன்றுதான் வெளிச்சமும் சிக்னலும் உள்ள இடம். மாமனாரின் கட்டில் அங்கே. அவளுடைய மேசையும் அங்கே. கமராவைத் திறந்தால் அவளுடைய தோளுக்குப் பின்னால் அவர் தெரிவார்.

“பின்பக்கத்தை மங்கலாக்கலாமே?”

“செய்து பார்த்தனான் மிஸ். இந்தப் பழைய லெப்டொப் அப்பிடியே நிண்டுடும். மேசையைத் திருப்பிப் பார்த்தன், வயர் எட்டேல்ல. மாமா துறைமுகத்தில பெரிய கிளாக்கரா இருந்தவர். அயர்ன் பண்ணின வெள்ளைச் சேட் இல்லாம வாசலுக்கும் வந்ததில்ல. இப்ப நான் அவருக்கு உடுப்பு மாத்த வேண்டியிருக்கு. அவரை இந்தக் கோலத்தில நாலு பேருக்குக் காட்டி எனக்கொரு வேலை வேணுமா மிஸ்?”

“இதை எனக்கு எழுதியிருக்கலாமே, பிள்ளை.”

“எழுதினா அது அங்கயே கிடக்கும் மிஸ். ஆரும் வாசிக்கலாம். வாயால சொன்னாச் சொன்னதோட போயிடும்.”

பனிஸை அப்படியே வைத்துவிட்டேன்.

அடுத்த நாள் மேலதிகாரியிடம் பேசினேன். காரணம் எனக்குத் தெரியும், ஆனால் அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்றேன். அவளுடைய பத்திரங்களைப் பாருங்கள், முகத்தைப் பார்த்து எந்தக் கொள்கலனும் கப்பலேறுவதில்லை என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்திருக்க வேண்டும். அவர், ‘அப்படியென்றால் இது உங்கள் பொறுப்பு’ என்றார். ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது.

அதன் பிறகு நான் கூட்டத்தை மூடுவதை விட்டுவிட்டேன். பேசி முடித்ததும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். முதல் இரண்டு நாளும் எல்லோரும் விழித்தார்கள். பிறகு ஒருவன் தொடங்க, ஊர்வலம் திரும்பி வந்துவிட்டது. “வாறன் மிஸ்”, “கிஹின் என்னம் மிஸ்”. சிலர் சொன்ன பிறகும் நின்றார்கள். ஹெந்தளைத் தம்பி வேலையை விட நினைத்திருந்ததை அப்படித்தான் அறிந்தேன், பேசித் தடுத்தும்விட்டேன். பயிற்சிக்காரர் கேட்டால் இதற்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் வைப்பார். எனக்கு என் கண்ணாடிக் கூண்டு திரும்பக் கிடைத்த சந்தோஷம்.

கடைசியாக நிற்பது எப்போதும் கொட்டாஞ்சேனைப் பிள்ளைதான். மற்றவர்கள் போனதும் இயர்போனைக் கழற்றிவிடுவாள்.

“மாமா உங்கட குரலக் கேட்டாச் சிரிப்பார் மிஸ். நீங்க ஏசினா இன்னும் சிரிப்பு.”

“அவரையும் சுகம் கேட்டதாச் சொல்லு. அப்ப நானும் வாறன்” என்றேன் ஒரு நாள்.

பின்னாலிருந்து, நாக்குப் புரளாத ஒரு குரல் மெல்ல வந்தது. “ஓம்... போட்டு... வாங்கோ.”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அன்றிலிருந்து அது வழக்கமாயிற்று. அவள் வாறன் என்பாள், நான் வாறன் என்பேன், அவர் எங்கள் இருவரையும் அனுப்பிவைப்பார். நான் ஒரு நாளும் காணாத அந்த மனிதர் ஒழுங்காக விடை கொடுத்தால்தான் எனக்கு அன்றைய வேலை முடிந்த மாதிரி இருக்கும். சில நாள் அந்தச் சொற்கள் வர நேரமெடுக்கும். நானும் அவளும் காத்திருப்போம்.

ஒரு சனிக்கிழமை காலை அவளிடமிருந்து செய்தி வந்தது. மாமா போய்விட்டார்.

கொட்டாஞ்சேனையில் அந்த ஒழுங்கைக்கு நான் அதுவரை போனதில்லை. கூடாரத்தின் கீழ் பிளாஸ்ரிக் கதிரைகளில் என் குழுவினர் பலர் இருந்தார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் பழையவர்களை நேரில் கண்டதே இல்லை. ஒருவர் வாயைத் திறந்து ஏதாவது கேட்டதும் மற்றவர் திரும்பிப் பார்த்து, “ஆ, நீங்களா?” என்றார். திரையில் தபால்தலை அளவில் கண்ட முகங்கள் நேரில் பிடிபடவில்லை, குரலை வைத்துத்தான் ஆளைப் பிடித்தோம். உள்ளே அவரை முதன்முதலாகப் பார்த்தேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டுவிட்டிருந்தாள். பக்கத்துச் சுவரோரம் அவளுடைய மேசை. லெப்டொப்பை ஒரு துணியால் மூடியிருந்தார்கள். கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவில் ஒரு கதிரை போடும் இடம்தான் இருந்தது. இவ்வளவு கிட்டத்திலிருந்தா அந்தக் குரல் வந்தது என்று நினைத்தேன். அழுதுவிட்டேன்.

எழும்பும்போது பழக்கத்தில் வாய் திறந்துவிட்டது. நல்லவேளை, சொல் வெளியே வரவில்லை. அவள் கையை அழுத்திப் பிடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் படியிறங்கினேன். என் பிள்ளைகளும் ஒவ்வொருவராகச் சொல்லாமலே எழும்பி வந்தார்கள்.

செலவு நாள் சடங்கெல்லாம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய மாலை, கூட்டத்தில் எல்லாக் கட்டங்களும் வெளிச்சமாக இருந்தன. அவளுடையதும். எவ்வளவு நாள் திரையில் பார்க்க ஆசைப்பட்ட முகம்! மெலிந்து போயிருந்தாள். பின்னால் வெறும் சுவர். கட்டிலைத் தூக்கிவிட்டிருந்தார்கள். அந்தச் சுவரைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. மற்றவர்கள் சொல்லிக்கொண்டு போன பிறகு சொன்னேன்.

“கமராவை மூடு பிள்ளை. ஒருத்தரும் உன்னைக் கேக்கமாட்டினம்.”

“இருக்கட்டும் மிஸ். இனி மறைக்க ஆர் இருக்கினம்?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்ப வாறன் மிஸ்.”

“நானும் வாறன்” என்றேன்.

இரண்டு பேரும் போகவில்லை. வழக்கம் போல அந்தக் குரலுக்காகக் காத்திருந்தோம்.