சண்டைக்காரர்களின் மனேஜர்

யாராவது திட்டினால் ருஷ்தா இரண்டு பதில் சொல்வாள். முதலாவது வாயால், அது எங்கள் வீட்டுக்குள் மட்டும் கேட்கும். இரண்டாவது விரலால், அது திட்டியவருக்குப் போகும்.

"ஒண்ட வள்ளத்த எடுத்து நான் எங்க வெக்கிற? கண்ணத் தொறந்து பாரு, அங்கதான் ஈக்கிது" என்று மடிக்கணினியைப் பார்த்து ஏசுவாள். விரல்களோ அதே நேரத்தில், "வணக்கம் நண்பரே, உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம். தயவுசெய்து திரையின் வலது மூலையை ஒருமுறை பாருங்கள்" என்று எழுதி, கடைசியில் ஒரு சிரித்த முகமும் போட்டுவிடும். அவளுடைய முகம் அப்போது சிரிப்பதில்லை.

ருஷ்தா என் தங்கச்சி. எத்தாளையில் எங்கள் வீட்டு முன்னறையில், சிக்னல் நன்றாக வரும் ஜன்னலோரம் கதிரை போட்டு வேலை செய்கிறாள். கொழும்பு நிறுவனம் ஒன்று தமிழில் ஒரு மீன்பிடி விளையாட்டை வெளியிட்டிருக்கிறது. ஃபோனிலேயே வள்ளம் ஓட்டலாம், வலை போடலாம். விளையாடுகிறவர்கள் தமக்குள் கதைப்பதற்கு ஓர் அரட்டை அறையும் உண்டு. யாழ்ப்பாணம், திருச்சி, கோலாலம்பூர் என்று எங்கெங்கோ இருந்து வருகிறார்கள். அவர்களை வரவேற்பது, குறை கேட்பது, சண்டை தீர்ப்பது, முகநூலில் அறிவித்தல் போடுவது எல்லாம் இவள் பொறுப்பு. நியமனக் கடிதத்தில் 'சமூக முகாமையாளர்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதற்கு நான் பிளாஸ்டிக் உறை போட்டு அலுமாரியில் வைத்திருக்கிறேன்.

உம்மா ஊரெல்லாம் "மகள் மனேஜர்" என்று சொல்லி வைத்திருக்கிறார். "ஆருக்கு மனேஜர்?" என்று பக்கத்து வளவு ஸபீனா மாமி கேட்டார். "சண்டக்காரனுகளுக்கு, மாமி" என்று ஜன்னலுக்குள்ளிருந்து பதில் வந்தது.

தினமும் கடலுக்குப் போகிற சூசைப்பிள்ளை அண்ணனுக்கு இந்த வேலை பிடிபடவே இல்லை.

"அந்தக் கடல்ல புடிக்கிற மீன என்ன தங்கச்சி செய்யிறது?"

"ஒண்டுமில்ல அண்ணன். சும்மா வெச்சிப் பாக்கிறதான்."

"நாறாதோ?"

விளையாட வருகிறவர்களை அவரவர் கோபத்தை வைத்தே அவள் அடையாளம் சொல்வாள். "இவரு, நெட் ஸ்லோ எண்டா எங்கட குடும்பத்தயே இழுப்பாரு. இவ, பரிசு கெடைக்காட்டி கதைக்க மாட்டா. புறகு வந்து மகன்ட சோதின ரிசல்ட் சொல்லுவா." அவர்கள் எல்லோருக்கும் பொறுமையைக் கொடுத்துவிடுவதால் வீட்டுக்கு மிச்சம் இருப்பதில்லை. தேத்தண்ணியில் சீனி குறைந்தால் எனக்கு வாய்ப்பதில் மட்டும்தான். சிரித்த முகம் கிடையாது.

சென்ற மாதம் அந்த விளையாட்டில் சுறாப் படை, திருக்கைப் படை என்ற இரண்டு அணிகள் முட்டிக்கொண்டன. சுறாக்கள் வலை போட்ட இடத்தில் திருக்கைகள் வந்து வலை போட்டுவிட்டார்களாம். அறை முழுக்க ஏச்சு. ஞாயிற்றுக்கிழமைப் போட்டியும் சண்டையில் முடிந்தால் அரட்டை அறையையே மூடிவிடப் போவதாக மேலதிகாரி றொகான் ஃபோனில் சொன்னார். அறை இல்லையென்றால் அவளுக்கு வேலையும் இல்லை. ருஷ்தா எச்சரித்தாள், கெஞ்சினாள், சிலரை வெளியே போட்டாள். அவர்கள் வேறு பெயரில் திரும்பி வந்தார்கள். அந்த வாரம் அவளுடைய வாய்ப்பதில்கள் நின்றுபோயின. உம்மாவுக்கு அதுதான் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மதுரங்குளியில் ஒரு கலியாணம். சஹன் சாப்பாடு. பெரிய தட்டு ஒன்றைச் சுற்றி ஆறு பேர் உட்கார வேண்டும்; கடைசி ஆள் தின்று முடிக்கும்வரை மற்றவர்கள் எழும்பக்கூடாது. பெண்கள் பக்கத்து நெரிசலில், வேலிச் சண்டையால் வருடக்கணக்காகக் கதைக்காத ஸபீனா மாமியும் உம்மு குல்சூம் மாமியும் ஒரே சஹனில் மாட்டிக்கொண்டார்கள். ருஷ்தாவும் அதே சஹன்தான். பாதிவரை இருவரும் சோற்றைத் தவிர எதையும் பார்க்கவில்லையாம். பிறகு ஸபீனா மாமி, முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டே, மெத்தென்ற ஈரல் துண்டை எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டாராம். "பல்லில்லாத மனிசி. அவ திண்டு முடிச்சாத்தானே எங்களுக்கும் எழும்பேலும்" என்று ருஷ்தாவிடம் சொன்னாராம்.

திரும்பி வரும்போது வேனுக்குள்ளிருந்தே ருஷ்தா றொகானுக்கு ஃபோன் எடுத்தாள். ஒரு வள்ளத்தில் ஆறு பேர்: மூன்று சுறா, மூன்று திருக்கை. ஆறு வலையும் நிறைந்தால்தான் வள்ளம் கரைக்கு வரும். ஒருவர் இடையில் விட்டுப் போனாலும் பிடித்த மீனெல்லாம் கடலுக்கே. இது எங்கே எடுத்த விதி என்று அவர் கேட்டிருக்க வேண்டும்.

"கலியாண வீட்டு ரூல், சேர்" என்றாள்.

ஞாயிறு பின்னேரம், அந்த விதிப்படியே நடந்த போட்டியைப் பார்க்க நாங்களும் ஜன்னலோரம் கூடிவிட்டோம். முதலில் பழைய ஏச்சுத்தான். "இவனுகளோட ஒரே வள்ளத்தில் இருப்பதைவிட மூழ்கிச் சாகலாம்" என்று எழுதினான் 'புயல்' என்ற சுறாத் தலைவன். கொஞ்ச நேரத்தில் யாரோ இரை மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார்கள். எதிர்ப் படைக்காரர் ஒருவர் ஒன்றும் எழுதாமல் கொடுத்தார். வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்தன.

ஒன்று மட்டும் மிச்சம். அதில் புதிதாகச் சேர்ந்த ஒரு திருக்கை எறிகிற வலையெல்லாம் வெறும் தண்ணீரில் விழுந்தது. அதே வள்ளத்தில்தான் புயல் இருந்தான். அவனுடைய வலை எப்போதோ நிறைந்துவிட்டது. இப்போது விட்டுப் போவான் என்று நான் நினைத்தேன்.

"தம்பி, இடப்பக்கம் எறி" என்று புயல் எழுதினான்.

"நான் தம்பி இல்லை. மூன்று பிள்ளைகளின் தாய்."

"சரி அக்கா. இடப்பக்கம். அது வலப்பக்கம் அக்கா. அவசரமில்லை, நாங்கள் நிற்கிறோம்."

சோறு ஆறுகிறது என்று உம்மா குசினியிலிருந்து கூப்பிட்டார். நான் எழும்பினேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே ருஷ்தா கையை நீட்டி, நான் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் நுனியைப் பிடித்திழுத்து மறுபடி கதிரையில் உட்கார வைத்தாள்.