பூனைப்பருந்துகள் வந்தபோது நான் காருக்குள்

காலை ஒன்பது மணிக்கு நந்தி மலைப் பாதையில், பாதி ஏற்றத்தில், வாகன நெரிசலில் கார் நின்றுவிட்டது. இன்று ஞாயிற்றுக்கிழமை என்பதை நானும் வசந்தாவும் யோசிக்கவே இல்லை. ஓய்வு பெற்ற ஆசிரியைகளுக்கு எல்லாக் கிழமையும் ஒன்றுதான்.

வடக்கிலிருந்து பூனைப்பருந்துகள் குளிர்காலத்துக்காக வரும் நேரம் இது. ஒவ்வோர் ஐப்பசியிலும் உச்சியில் நின்று எண்ணுவோம். ஒருத்தி பார்த்துச் சொல்ல, மற்றவள் நோட்டில் எழுதுவாள். பிறகு மாறிக்கொள்வோம்.

புதன்கிழமை எனக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. இன்றை விட்டால் இந்த வருடம் இல்லை.

"மேல பார்க்கிங் ஃபுல்லாம் மேடம். ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்றார் கன்னடம் கலந்து பேசும் ஓட்டுநர் மஞ்சு.

வசந்தா இறங்கி நடந்துவிட்டாள். என்னால் ஏற முடியாது. இடப்பக்கம் பாறை. முன்னால் ஒரு சுற்றுலா பஸ், வலப்பக்கம் இன்னொன்று.

பத்து மணிக்கு போன் வந்தது.

"வருதுடி! ரெண்டு, இல்ல மூணு! எழுதிக்கோ!"

"எந்தப் பக்கம்?"

"உன் தலைக்கு மேலதான்!"

மஞ்சு கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தார். "பஸ்ஸுல ஒரு கொழந்த டாட்டா காட்டுது மேடம். அவ்ளோதான்."

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். மொத்தம் பதினொரு பருந்துகள்.

பக்கத்து பெஞ்சைப் பார்த்து ரெக்கார்டு நோட்டு எழுதிய பிள்ளைகளை முப்பது வருடம் திட்டித் திருப்பி அனுப்பியவள் நான். இன்று ஒன்றைக்கூடப் பார்க்காமல் பதினொன்றையும் அழகான கையெழுத்தில் எழுதி முடித்திருக்கிறேன்.

அப்படித் திட்டு வாங்கிய என் பழைய மாணவர்கள் பலர் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். சொல்லுங்கள், கையெழுத்துப் போடுவீர்களா, நோட்டைத் திருப்பிக் கொடுப்பீர்களா?